நடைச் செலவும் சிறுவர் கல்வியும்

செலவு என்னுஞ் சொல் இக்காலத்திற் பணம் கையைவிட்டுப் போதலையே குறிக்கின்றது. சங்கச் சான்றோர் அச்சொல்லாற் குறித்தது வழிப்போதலை. பொருள் தேடப் புறப்படுதல் செலவு. புறப்பட எண்ணியவன் தலைவியின் துயர் கண்டு தயங்கி நிற்றல் செலவழுங்கல். ஆங்கிலேயர் ஹைக்கிங் என்று வழங்குவதற்கு நம்மவர் நடைப்பயணம், மலையேற்றம், கால்நடைச் சுற்றுலா எனப் பலவாறு பெயரிட்டுப் பார்க்கின்றனர். கால்நடை என்றவுடன் ஆடுமாடுகள் நினைவுக்கு வருதலின் இறுதியிற் கூறிய பெயரை விட்டுவிடுதல் நன்று. பழஞ்சொல்லைப் புதுக்கி நடைச் செலவு எனலாம் என்பது எமது கருத்து. இச்செலவிற் பணச்செலவு மிகக் குறைவு என்பதும் கல்லூரி அதிபர்களுக்கு உவப்பளிக்கும்.

நடைச் செலவு வெறும் உடற்பயிற்சி அன்று, ஊர்வலமும் அன்று. ஒரு நிலத்தை அறியும் நோக்கோடு, முன்னரே வகுத்துக்கொண்ட வழியில், சில மணி நேரமோ ஒரு பகற்பொழுதோ கால்களால் நடந்து செல்லுதலே அது. இதற்குரிய இடத்தை நம் பாடசாலைகளிற் கல்விச் சுற்றுலா என்னும் பேருந்துப் பயணம் பிடித்துக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் நள்ளிரவிற் புறப்பட்டு, விடியலில் அனுராதபுரம், நண்பகலிற் சீகிரியா, மாலையிற் கண்டி, மறுநாள் நுவரெலியா என்று ஓடி, மூன்றாம் நாள் உறக்கக் கண்களோடு வீடு சேர்வதே அதன் இலக்கணம். மாணாக்கர் நெடுநேரம் பார்த்தது முன்னிருக்கையின் முதுகுப்புறத்தை. ஒலிபெருக்கியிற் பாட்டு முழங்க, அதற்கு மேலாக ஆசிரியர் கத்திச் சொல்லுஞ் சரித்திரம் எவர் செவியில் ஏறும்? அப்பயணத்தின் மகிழ்ச்சியை யாம் மறுக்கவில்லை. அதனைக் கல்வி என்று கணக்கில் எழுதிக்கொள்வதையே மறுக்கின்றோம்.

மாணாக்கரை நடத்திச் சென்று கற்பித்தல் புதிதன்று. சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகரில் விடுதிப் பாடசாலை நடத்திய ரொடொல்ப் தொப்பர் என்பார் தம் மாணாக்கரை அழைத்துக்கொண்டு ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களைக் கால்நடையாகவே கடந்துவந்தார். அப்பயணங்களைத் தாமே வரைந்த ஓவியங்களோடு 1844ஆம் ஆண்டில் நூலாகவும் வெளியிட்டார். சாரணீயத்தின் தந்தை பேடன் பவல் 1907ஆம் ஆண்டில் பிரவுன்சீ என்னுந் தீவிற் சிறுவர்க்கு முதற் பாசறை அமைத்தார். ஐந்தாண்டுகள் கழிந்து, 1912இல், அவ்வியக்கம் மாத்தளையில் இந்நாட்டில் வேரூன்றியது. ஆயின் இவற்றிற்கெல்லாம் நெடுங்காலம் முன்னரே நம்மவர் குழந்தை குட்டிகளோடு கதிர்காமத்துக்கு நடந்தனர். வடக்கிலிருந்து கீழைக்கரை வழியே முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை எனத் தொடர்ந்து, குமணைக் காட்டையும் யால வனத்தையும் ஊடறுத்து மாணிக்க கங்கைக் கரையை அடையும் அவ்வழி பல வாரங்கள் எடுப்பது. அவ்வழி நடந்த சிறுவன் இலங்கையின் கீழைக்கரையிற் கழிமுகங்கள் எங்கெங்கே உள்ளன என்பதைப் புவியியற் புத்தகத்திற் படிக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றையும் தோணியேறியோ இடுப்பளவு நீரில் இறங்கியோ கடந்தவன் அவன்.

நடை ஏன் கற்பிக்கின்றது என்பதற்கு ஒரு சிறு கணக்கே போதும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வாகனம் 100 மீற்றரை ஏழு செக்கனிற் கடக்கும். மணிக்கு 3 கிலோமீற்றர் நடக்கும் சிறுவனுக்கு அதே தூரம் இரண்டு நிமிடமாகும். அவ்விரண்டு நிமிடத்தில் அவன் நிற்கலாம், குனியலாம், ஒரு கல்லைப் புரட்டலாம், தோழனைக் கூப்பிடலாம். எல்லாவற்றிலும் மேலாக, ‘ஏன்’ என்று கேட்கலாம். வாகனத்தில் இருப்பவனுக்குக் கேள்வி பிறக்கும் முன்னரே பொருள் பின்னே போய்விடுகின்றது.

நம் பழைய வீதிகளின் ஓரத்தை எடுத்துக்கொள்க. ஆங்காங்கே நெஞ்சளவு உயரத்திற் கட்டப்பட்ட சுமைதாங்கி ஒன்று நிற்கும். அதன் அருகே ஆவுரஞ்சிக்கல், சற்றப்பாற் கேணி, சில இடங்களில் ஒரு மடம். இவை நான்கும் ஏன் ஒருங்கே அமைந்தன? தலைச்சுமையோடு நடப்பவன் பிறர் துணையின்றிச் சுமையை இறக்கவும் ஏற்றவும் அவ்வுயரமே ஏற்றது. அவன் களைப்பாற மடம். மாடு நீரருந்தக் கேணி. அருந்தியபின் அது உடலை உராய்ந்துகொள்ள ஒரு கல். நடப்போரையும் நடக்கும் விலங்குகளையும் கருதி அமைந்த ஒரு வழியின் முழு ஏற்பாடு இது. பருத்தித்துறையிலுள்ள தெருமூடிமடம் வீதியின் மேலேயே கூரை கொண்டு நிற்பது. வாகனத்திற் போகின்ற பிள்ளைக்கு இவை இடிந்த கற்கள். நடந்து வருகின்ற பிள்ளை தன் புத்தகப் பையைச் சுமைதாங்கியின்மேல் தானாகவே வைத்துவிடுகின்றான். அந்தக் கணத்தில் அவனுக்கு அதன் பயன் விளங்கிவிடுகின்றது. கருவுற்றிருந்தபோது இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி எழுப்பும் வழக்கமும் நம்மிடையே உண்டு. இறக்கப்படாத சுமைக்கு ஈடாகப் பிறர் சுமையை இறக்க ஒரு கல். இதனைச் சிறுவர்க்குச் சொல்லலாமா என்று தயங்கும் ஆசிரியர் உளர். வயதறிந்து, குரல் தாழ்த்திச் சொன்னால் அவர்கள் அமைதியாகக் கேட்பார்கள் என்பதே எமது பட்டறிவு.

“யாழ்ப்பாணத்தில் மலை ஏது, நடந்து பார்க்க?” என்பது வழக்கமாக எழுந்து வரும் ஆட்சேபம். மலை இல்லை, ஆனால் ஆறு ஒன்று உண்டு. குடாநாட்டில் ஆறே இல்லை என்று ஓதிப் பழகிய மாணாக்கர்க்கு வழுக்கையாற்றை அறிமுகஞ் செய்வதே ஒரு நல்ல தொடக்கம். தெல்லிப்பழைப் பகுதியிலே தோன்றி, தென்மேற்காகச் சென்று, கந்தரோடை, சண்டிலிப்பாய்ப் பக்கங்களைத் தழுவி, அராலியிற் கடனீரேரியோடு கலப்பது அது. நீளம் ஏறத்தாழ 16 கிலோமீற்றர், அதாவது பத்து மைல். மாரிக்காலத்தில் மட்டுமே அதில் நீர் ஓடும். எஞ்சிய மாதங்களில் அது ஆடு மேயும் ஒரு பள்ளம். அதன் குறுக்கே நாள்தோறும் மிதிவண்டியிற் போகின்றவர்களுட் பலர் அதனை வாய்க்கால் என்றே எண்ணுகின்றனர்.

கார்த்திகை பிறந்து மழை நன்கு பெய்தபின், வெளித்த ஒரு காலையில் இவ்வாற்றின் வழியே நடக்கத் தொடங்குக. தொடக்கத்தில் ஆறு எது என்பதே தெரியாது. செம்பாட்டு நிலத்துத் தோட்டங்களின் வடிநீர் வரப்போரங்களிற் சேர்ந்து, மதகுகளின் கீழே நுழைந்து, ஒரு குளத்தில் நிரம்பி வழிந்து அடுத்ததை நோக்கிப் போகும். சிறிது தூரங் கழித்தே அது ஓர் ஓட்டம் என்னும் உருவம் பெறுகின்றது. மலையிலிருந்து பாய்வதுதான் ஆறு என்று படத்திற் பார்த்த பிள்ளை, எங்கும் சிதறி விழும் மழை எவ்வாறு ஒன்றுகூடி ஆறாகின்றது என்பதை இங்கே காண்கின்றான். நீரேந்து பரப்பு என்று பாடநூல் சொல்லுவது இதனையே.

அடுத்த கேள்வி எளிதாகத் தோன்றிக் கடினமாகும்: தட்டையான நிலத்தில் நீர் ஏன் இப்பக்கம் ஓடுகின்றது? இதற்கு விடை சொல்லிவிடாது, பூவரசம் இலை ஒன்றை நீரில் விடச் சொல்லுக. கரையோரமாக 20 மீற்றரை அளந்து, இலை அதனைக் கடக்கும் நேரத்தைக் கடிகாரத்திற் குறிக்க. மூன்று இடங்களில் இவ்வாறு செய்து, வேகங்களை ஒப்பிட்டு, எங்கே சரிவு கூடுதல் என்பதை மாணாக்கரே சொல்லட்டும். பத்து மைலில் நிலம் தாழ்வது சில மீற்றர் மட்டுமே. கண்ணுக்குப் புலப்படாத அச்சரிவை நீர் அறிந்திருக்கின்றது என்று பத்து வயதுச் சிறுவன் ஒருவன் சொல்லக் கேட்டோம். அதனினும் நல்ல விளக்கத்தை எந்நூலிலும் யாம் கண்டிலோம்.

வழியிலுள்ள ஊர்ப்பெயர்களும் ஒரு வரைபடமே. கந்தரோடை என்பதில் ஓடை நிற்கின்றது. சங்குவேலி முதலிய ஊர்களிற் பெயரின் பிற்பகுதி எதனைச் சொல்லுகின்றது என்று வகுப்பிலே வாதிடலாம். கலட்டி என்று முடியும் குறிச்சியிற் காலடியிற் கல் இடறும். வெளி என்று முடியும் இடத்தில் வயல் விரியும். பள்ளம் என்றால் மாரியிற் கால் நனையாது போகவியலாது. பெயர் இட்டவர்கள் நடந்தவர்கள். ஆதலின் அப்பெயர்கள் பாதங்களுக்கு விளங்கும் மொழியில் அமைந்தன.

கந்தரோடையில் அரை மணி நேரமாவது தங்க வேண்டும். சுண்ணக்கல்லால் ஆகிய சிறிய தூபிகள் கூட்டமாக நிற்கும் இவ்விடத்தைப் போல் பீரிஸ் 1917ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்தார். 1970இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் இங்கு அகழ்ந்தனர். பெருங்கற்காலத்துக்குரிய கறுப்புச் சிவப்பு மட்கலங்கள் இம்மண்ணிற் கிடைத்துள்ளன. இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: குடாநாட்டின் மிகப் பழைய குடியிருப்புக்களுள் ஒன்று ஏன் இவ்விடத்தில் அமைந்தது? காலையிலிருந்து ஆற்றோடு நடந்து வந்த சிறுவர்க்கு விடை கூற எவரும் வேண்டியதில்லை. “இங்கே பௌத்தர் இருந்தனரா?” என்று ஒருவன் கேட்பான், கேட்க வேண்டும். மணிமேகலை பௌத்த காப்பியம் என்பதை இலக்கிய வகுப்பிற் கற்றவனுக்குத் தமிழ் நிலத்திற் பௌத்தம் இருந்ததென்பது வியப்பன்று என்று சொல்லி மேலே நடக்க. பெரியவர்களின் இக்கால வழக்குகளைச் சிறுவரின் தலையில் ஏற்றுதல் அன்றைய வேலை அன்று.

முடிவிடம் அராலி. கடல்நீர் உட்புகாது தடுக்கும் அணை அங்கேயுள்ளது. அணையின் இருபுறத்து நீரையும் விரலால் தொட்டு நாவில் வைத்துப் பார்க்கும்படி சொன்னால், நன்னீருக்கும் உவர்நீருக்கும் இடையிலுள்ள எல்லை எத்துணைக் குறுகியது என்பது எந்தப் பிள்ளைக்கும் விளங்கும். ஏரிக்கரையில் அக்காலத்தில் வந்து தங்கும் நாரைகளையும் கொக்குகளையும் எண்ணிக்கொண்டே உணவுப் பொதியை அவிழ்க்கலாம்.

இத்துடன் நடைச் செலவு முடிந்ததென்று கொண்டால் அதன் பாதிப் பயனை இழந்தவராவோம். இக்கட்டுரையில் யாம் வற்புறுத்த விரும்புவது இதனையே: அதே வழியை, அதே மாணாக்கரைக் கொண்டு, ஆவணியில் மீண்டும் நடக்க வேண்டும். முதல் நடையில் வாடைக் காற்று முதுகில் அடித்தது. இப்போது சோளகம் முகத்திலே புழுதி வாரும். ஆறு இருந்த இடத்தில் எருக்கலை நிற்கும். இலையை விட்டு வேகம் அளந்த இடத்தில் வெடித்த களிமண். “தண்ணீர் எங்கே போயிற்று?” என்பதே இரண்டாம் நடையின் கேள்வி. முதல் நடை இல்லாமல் இக்கேள்வி பிறவாது. புதிய இடங்களைக் காட்டுவதே கல்வி என்று நாம் பழகிவிட்டோம். ஓர் இடம் மாறுவதைக் காட்டுதல் அதனினும் பெரிய பாடம். அதற்கு அவ்விடத்திற்கு மீண்டும் போகவேண்டும்.

விடை ஓரளவு கடலிலும் ஓரளவு காற்றிலும் எஞ்சியது நிலத்தின் கீழும் இருக்கின்றது. குடாநாடு மயோசீன் காலத்துச் சுண்ணக்கற் பாறையின்மேல் அமைந்தது. அப்பாறை வெடிப்பும் துளையும் மிகுந்தது. மழைநீர் அதனூடே இறங்கிக் கீழேயுள்ள உவர்நீரின்மேல் தோணியைப் போல மிதந்து நிற்கின்றது. தோணியின் பெரும்பகுதி நீருள் அமிழ்ந்திருத்தல்போல, நன்னீரிலும் பெரும்பகுதி கடல்மட்டத்துக்குக் கீழேயே உள்ளது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் நிற்கும் என்பது அறிவியலார் கணக்கு. நன்னீரினும் கடல்நீர் நாற்பதில் ஒரு பங்கு கனமானது என்பதே அதற்குக் காரணம். இதன் மறுபக்கம் அச்சந் தருவது. மேலே ஓரடி குறையும்படி இறைத்தால், உவர்நீர் கீழிருந்து நாற்பதடி உயர வழி பிறக்கின்றது. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பில்லை.

சிறுவர் இதனை அறிதல் ஏட்டுப்படிப்பு அன்று, உயிர்ப்பிரச்சினை. சுன்னாகத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2015ஆம் ஆண்டளவிற் குடாநாட்டையே கலக்கியது. 2019இல் உயர் நீதிமன்றம் அதுபற்றித் தீர்ப்பளித்தது. ஓரிடத்திற் கசிந்தது பல ஊர்க் கிணறுகளுக்கு எவ்வாறு போயிற்று என்று பலரும் வியந்தனர். சுண்ணக்கல்லின் துளைகளைக் கையாற் தொட்டுப் பார்த்த பிள்ளை வியவான். தோட்டங்களில் இடும் உரமும் மலசலக் குழியின் கசிவும் நீரில் நைத்திரேற்றைக் கூட்டுவதும் அதே வழியாலேயே. குடாநாட்டின் நீரை அடுத்த ஐம்பதாண்டு காக்க வேண்டியவர்கள் இன்று ஆறாம், ஏழாம் வகுப்புகளில் இருக்கின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் காலையிற் பாடசாலைக்கும் மாலையிற் தனியார் வகுப்புக்கும் வாகனத்திற் போய்வருகின்றனர். கிணற்றடியையும் அறியார், குழாயையே அறிவர்.

இதற்கு அவர்களைக் குறைகூறல் முறையன்று. அவர்தம் பெற்றோரும் ஆசிரியரும் வளர்ந்த காலத்தில் இம்மண்ணில் இயல்பாக நடந்து திரிதல் இயலாதிருந்தது. 1983 முதல் 2009 வரை ஊரடங்கும் குண்டுவீச்சும் இடப்பெயர்வுமாகக் கழிந்த ஆண்டுகளிற் பிள்ளையை வெளியே நடக்கவிடாமையே பெற்றோரின் அன்பாயிருந்தது. வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி 1990 முதல் மக்கள் புகவியலாத வலயமாயிருந்து, பின்னர்ப் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டது. தந்தையின் ஊருக்குத் தந்தையே வழிகேட்டுப் போன குடும்பங்கள் உள. வழியறிவு ஒரு தலைமுறையில் அறுந்தால் அடுத்த தலைமுறைக்கு அதனைப் பாடசாலையே ஊட்ட வேண்டியிருக்கின்றது.

சமநிலத்தில் நடக்கப் பழகிய மாணாக்கரை மேல்வகுப்புக்கு வந்தபின் மலைக்கு அழைத்துச் செல்லலாம். சிவனொளிபாத மலையினும் பொருத்தமான இடம் இந்நாட்டில் இல்லை. உயரம் 2,243 மீற்றர். மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை யாத்திரைக் காலம். நல்லதண்ணியிலிருந்து படியேறினால் ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரவேண்டும். புறப்படுமுன் வகுப்பிற் செய்யத்தக்க கணக்கொன்று உண்டு. நெய்ஸ்மித் என்னும் ஸ்கொத்லாந்தியர் 1892இல் வகுத்த விதிப்படி, மூன்று மைல் நடைக்கு ஒரு மணி, ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் மேலும் ஒரு மணி. இவ்விதிப்படி மாணாக்கர் தமக்காகும் நேரத்தை முன்கூட்டியே எழுதி வைக்கட்டும். அவ்விதி கால் பழகிய மலையேறிகளுக்கு ஆனது. நம் பிள்ளைகளுக்கு இருமடங்கு நேரம் எடுக்கும். கணக்குக்கும் காலுக்கும் இடையிலுள்ள அவ்வேறுபாட்டை எண்ணிப் பார்த்தலே பாடம். வெப்பமானி ஒன்று கொண்டுபோனால், 1,000 மீற்றருக்கு ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியஸ் குளிர்வதையும் காணலாம். யாழ்ப்பாணத்துச் சட்டையோடு உச்சிக்குப் போனவனுக்கு வெப்பமானி தேவைப்படாது.

சூரியோதயத்தின்போது மேற்கே விழும் மலைநிழல் கூர்மையான முக்கோணமாகத் தோன்றும். மலை முக்கோண வடிவாயிருத்தலே காரணம் என்று எல்லோரும் சொல்வர். அஃது அன்று. நெடுந்தூரம் நீண்டு கிடக்கும் நிழலின் இரு ஓரங்களும், புகையிரதத் தண்டவாளங்கள் தொலைவிற் கூடுவனபோல, நம் கண்ணுக்குக் கூடித் தோன்றுகின்றன. எவ்வடிவ மலையின் உச்சியில் நின்றாலும் நிழல் இவ்வாறே முக்கோணமாகக் காணும். அங்கே நின்று இதனை ஒருமுறை விளக்கினால் ஒளியியலும் சித்திர பாடமும் சந்திக்கும். இம்மலைத் தொடரிலிருந்தே களனி கங்கையும் களு கங்கையும் பிறந்து, ஒன்று கொழும்பின் வடபாலும் மற்றொன்று களுத்துறையிலும் கடலை அடைகின்றன. வழுக்கையாற்றைத் தொடக்கமுதல் முடிவுவரை நடந்தவனுக்கு இதனை மனத்தால் நடந்து பார்த்தல் எளிது.

வரலாற்று ஆசிரியருக்கும் இங்கே வேலை உண்டு. மொறொக்கோ நாட்டுப் பயணி இபுனு பத்தூத்தா 1344இல் இம்மலைக்கு ஏறியவர். புத்தளத்தில் அவரை வரவேற்று, துணையாட்களையும் கொடுத்து அனுப்பியவர் யாழ்ப்பாண மன்னர் ஆரியச்சக்கரவர்த்தி. சைவரும் பௌத்தரும் இசுலாமியரும் கிறித்தவரும் ஒரே பாதச்சுவட்டை நால்வேறாக வணங்குவதை நூலிற் படித்தல் வேறு. நள்ளிரவில் அவர்களோடு ஒரே படியில் மூச்சு வாங்கி நிற்றல் வேறு. முன்பின் அறியாத சிங்கள மூதாட்டி ஒருத்தி நம் பிள்ளையின் கையைப் பற்றிக்கொண்டு ஏறுவாள். அவனும் மறுக்கான்.

அடிவாரத்துத் தேயிலைத் தோட்டங்களையும் விரைந்து கடந்துவிடலாகாது. அங்கே லயன்களில் வாழ்வோர் நம் மொழி பேசுவோர். அவர்தம் முன்னோர் 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடத்திக் கொண்டுவரப்பட்டவர்கள். காய்ச்சலாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். 2023ஆம் ஆண்டில், அம்மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்தமை குறித்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் அவ்வழியை மீண்டும் நடந்தனர். விருப்பத்தோடு நடக்கின்ற நம் பிள்ளைகள், வேறு வழியின்றி நடந்தோரையும் அறிதல் வேண்டும்.

இனி ஆசிரியர்க்குச் சில. வழியை முன்னரே தாம் தனியே நடந்து பார்க்காத ஆசிரியர் மாணாக்கரை அழைத்துச் செல்லலாகாது. நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தை இருவருக்கொன்றாகக் கொடுத்து, வழியை அவர்களே கூறும்படி விடுக. மெல்ல நடப்பவனே முன்னே நடக்க வேண்டும். வேகமுள்ளோர் பின்னே வர வேண்டும். இதனை ஏற்றுக்கொள்ளப் பந்தாட்ட வீரருக்கு ஒரு மணி நேரமாகும். அந்த ஒரு மணி நேரம் வீணன்று. பையின் பாரம் பிள்ளையின் நிறையிற் பத்திலொரு பங்கைத் தாண்டலாகாது. வெயிலில் மணிக்கு அரை லீற்றர் நீராவது வேண்டும். மலைப்பாதையில் அட்டைகளுக்கு உப்போ சவர்க்காரமோ கொண்டுபோக. மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாளிற் புறப்படாதொழிக. வடபுலத்திற் கண்ணிவெடி அகற்றும் பணி நெடிது தொடர்வதால், பழகிய பாதையை விட்டு விலகாமையும் இனந்தெரியாத உலோகப் பொருளைத் தொடாமையும் முதற் கட்டளைகள். விரிவுரை வேண்டா. ஓரிடத்துக்கு ஒரு கேள்வி போதும். சில வேளைகளில் அதுவும் மிகை.

நம் பழைய மாணவர்கள் கல்லூரிக்கு மண்டபமும் கணினியும் உவந்தளித்தனர். நடைச் செலவுக்கு அவர்களிடம் வேண்டுவது வேறொன்று. ஆற்றங்கரைக் குளங்களின் பழைய பெயர்களையும், எந்த மாரியில் எந்த மதகு உடைத்தது என்பதையும், துலா நின்ற கிணறு எது என்பதையும் நினைவில் வைத்திருக்கும் எழுபது வயதினர் நம் சங்கத்தில் உளர். அவருள் ஒருவர் ஒவ்வொரு நடையிலும் உடன் வருவாராயின் அதுவே நன்கொடை. முழு வழியும் வேண்டா. தம் ஊர் எல்லைக்குள் ஒரு மைல் போதும். எல்லை முடியுமிடத்தில் அடுத்த ஊர்ப் பழைய மாணவர் காத்திருப்பார்.

சிறு வகுப்பினர்க்குப் பத்து மைல் ஒரே நாளில் மிகுதி. மூன்று சனிக்கிழமைகளாகப் பிரிக்க: தெல்லிப்பழையிலிருந்து கந்தரோடை ஒரு நாள், கந்தரோடையிலிருந்து சண்டிலிப்பாய் மறு நாள், அங்கிருந்து அராலி அணை மூன்றாம் நாள். காலை ஆறரைக்குப் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் முடிக்கலாம். பிட்டோ இடியப்பமோ வாழையிலையிற் கட்டிக் கொண்டுவரட்டும். அவ்விலையை மாட்டுக்குக் கொடுத்துவிடலாம்.